மறு: தகவல் மேலாண்மையா, முகாமைத்துவமா?

ஐயா, வணக்கம்.

Information management என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அதில் management என்பதற்குத் தமிழகத்துக்கு மேலாண்மை, இலங்கைக்கு முகாமைத்துவம், மலேசியாவில் எங்களுக்கு நிர்வாகம் என்று மூன்று பக்கமும் இழுக்கிறோம். எனக்கு மூன்றிலும் ஒரே மனக்குறைதான். நான் வேலை பார்த்த தனியார் கல்லூரியில் இதில் எதைச் சொன்னாலும் கணினிப் பிரிவைத்தான் கைகாட்டுவார்கள்.

ஒருமுறை தணிக்கைக்கு முன்னால், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். பதிவகம் ஒரு எண் சொன்னது, கணக்குப் பிரிவு இன்னொன்று, துறை வேறொன்று. கட்டணம் கட்டாதவன் கணக்குப் பிரிவுக்கு விலகியவன்; விலகல் பாரம் கொடுக்காததால் பதிவகத்துக்கு அவன் இன்னும் மாணவன். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் ஏன் போனான் என்று எந்த அறையிலும் பதில் இல்லை.

2015ஆம் ஆண்டு ஐரோப்பிய உயர்கல்வித் தர நெறிகளில் 1.7ஆவது நெறி இதைத்தான் பேசுகிறது. திரட்டு, பகுத்தாய், பயன்படுத்து என்று மூன்று வினைகள். இடைவிலகலும் பட்டதாரிகளின் வேலையும் அதில் அடக்கம். நம் சொற்களில் மூன்றாவது வினையான 'பயன்படுத்து' ஒலிக்கவில்லை.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பாவுக்கு அந்த மூன்றாவது வினை தெரிந்திருந்தது. காலையில் பெரட்டில், அதாவது தொழிலாளர் கூடும் இடத்தில், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். மதியம் ரப்பர் பாலை எடை போட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் என்ற மிதவைமானியை மிதக்கவிட்டு, இரண்டு அளவையும் எழுதுவார். எடையை மட்டும் எழுதினால் தண்ணீர் கலந்த பாலும் பால்தானே! கணக்கு குறைந்தால் மறுநாள் கங்காணி அந்த மர வரிசைக்கே போய் மரத்தைப் பார்ப்பார்.

ஆகவே என் முன்மொழிவு: தகவலாட்சி. சொல்லாட்சி என்றால் சொல்லைப் பயன்படுத்தும் திறம். எடுத்தாளுதல், கையாளுதல் எல்லாம் அதே 'ஆள்' என்ற வினைதான். மேலாண்மையிலும் அந்த 'ஆள்' இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆளுகை என்ற சொல்லை governance என்ற வேறு பொருளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அது அங்கேயே இருக்கட்டும். 'இக்கல்லூரியின் தகவலாட்சி நலிந்துள்ளது' என்று அறிக்கையில் எழுதினால் கணினிப் பிரிவு மட்டும் பதில் சொல்லித் தப்ப முடியாது.

ஒரே பயம். எங்கள் பக்கம் தகவல் இலாகா என்றால் அரசாங்கச் செய்தி பரப்பும் அலுவலகம். தகவலாட்சி என்றதும் ஒலிபெருக்கி வைத்த வண்டி யாருக்காவது நினைவுக்கு வருகிறதா? மலேசிய அன்பர்கள் சொல்லுங்கள்.