மறு: வேரியபிலிட்டி – 'அலைவா', 'மாறொளிர்வா'?

வணக்கம். விண்பொருளின் ஒளிர்வு காலப்போக்கில் கூடிக் குறைவதை ஆங்கிலத்தில் வேரியபிலிட்டி என்கிறார்கள். அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் வைப்பது என்பதே பேச்சு.

தேவகோட்டை ஐயா எழுதியது:
> 'அலைவு' போதுமே. சின்னச் சொல், வாயில் நிற்கும்.

ஐயா, அலைவு என்றதும் பிள்ளைகளுக்கு ஊசல்தான் நினைவுக்கு வரும். ஊசலுக்கு அலைவுக்காலம் உண்டு. செயல்மிகு பேரடைகளின் (நடுவிலுள்ள பெருங்கருந்துளை பொருளை விழுங்குவதால் சுடரும் விண்மீன் திரள்களின்) கருவில் பெரும்பாலும் அப்படி ஒழுங்கான காலவட்டமே கிடையாது. 2006 ஜூலையில் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசாரின், அதாவது துகள் தாரையை நம் திசையில் பாய்ச்சும் செயல்மிகு பேரடையின், காமா ஒளிர்வு சில நிமிடங்களிலேயே இரட்டிப்பானதை நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் பதிவு செய்தன. அதை அலைவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'மாறுபாடு' இன்னும் சிக்கல். 'எக்ஸ் கதிர், காமா கதிர் மாறுபாடு' என்று தலைப்பு வைத்தால், காரைக்குடியில் என் மாணவர்கள் இரண்டு கதிர்களுக்கும் இடையிலான வேறுபாடு என்றுதான் படிக்கிறார்கள். ஒப்பீட்டுக் கட்டுரைக்கே உதவாத சொல் எதற்கு? அதனால் 'மாறொளிர்வு' என்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு 'ஒளிர்வு' பொருந்துமா என்று கானாடுகாத்தான் அம்மா கேட்டிருந்தார். காமா கதிரும் மின்காந்த அலைதானே, தாராளமாகப் பொருந்தும்.

அப்புறம், ஃபிராக்ஷனல் வேரியபிலிட்டி, அதாவது ஏற்ற இறக்கம் சராசரி ஒளிர்வில் எத்தனை பங்கு என்பது. இதற்கு 'வீத மாறொளிர்வு' வைக்கலாம். பத்தாயிரம் ரூபாய் ஏறி இறங்கியது என்றால், முதல் எவ்வளவு என்று கேட்காமல் நம் ஊரில் யாரும் பேரேட்டை மூட மாட்டார்கள். இங்கேயும் சராசரி ஒளிர்வுதான் முதல். ஆனால் வகுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. காமாவில் வந்து சேரும் ஃபோட்டான்கள் குறைவு. அந்தக் குறைவாலேயே இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும். ஆகவே விலக்க வர்க்கச் சராசரியிலிருந்து அளவீட்டுப் பிழை வர்க்கங்களின் சராசரியைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, பிறகே வகுக்க வேண்டும். பள்ளியில் படித்த மாறுபாட்டுக் கெழுவிலிருந்து இது விலகுவது இந்தக் கழித்தலில்தான். இதைச் செய்யாமல் இரு கதிர்களையும் ஒப்பிடக் கூடாது.

செய்து பார்த்தால் தெரிவது அழகானது. மார்க்கேரியன் 421 என்ற பிளேசாரில் எக்ஸ் கதிரிலும் டெரா எலக்ட்ரான்வோல்ட் (மிக உயர் ஆற்றல்) காமாவிலும் வீத மாறொளிர்வு உயர்ந்து நிற்கிறது. ரேடியோவிலும் கண்ணுறு ஒளியிலும் தாழ்வு. காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ் கதிர் தரும் அதே அதிவேக எலக்ட்ரான்கள், ஃபோட்டான்களை மோதிக் காமாவாக உயர்த்துகின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இன்னொரு பிளேசாரான 3சி 279-இல் காமா பக்கம்தான் ஆட்டம் பெரிது. அங்கே எக்ஸ் கதிர் தருபவை ஆற்றல் குறைந்த, மெதுவாகக் குளிரும் எலக்ட்ரான்கள்.

சரி, ஒன்று பாக்கி. 2002-இல் 1ஈஎஸ் 1959+650 என்ற பிளேசார், எக்ஸ் கதிரில் துணைச்சுடர் இல்லாமல், காமாவில் மட்டும் சுடர்ந்தது. ஆங்கிலத்தில் இதை அநாதை என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 'தனிச்சுடர்வு' சரிப்படுமா?