ஹெசரகட்டா லாயம் குழு: ராணி இறந்த காலை

*பிரபு, 6:10*
எல்லாருக்கும் சொல்லிடறேன். நம்ம குதிரை ராணி லாயத்துல செத்துக் கெடக்கா. ராத்திரி 9 மணிக்கு நல்லாத் தீவனம் தின்னான்னு குதிரையப் பாத்துக்கற சயீஸ் சொல்றார். இன்சூரன்ஸ் இருக்கு. ஜேசிபிக்காரர் 8 மணிக்கு வரேங்கறார். என்ன செய்யட்டும்?

*செல்வம் மாமா, 6:12*
ஜேசிபிய நிறுத்துப்பா. போஸ்ட்மார்ட்டம் ஆகாம புதைச்சா கிளைமும் அதோட முடிஞ்சுது.

*மீனா அக்கா, 6:13*
ஐயோ, ராணியா? மனசு கேக்கல பிரபு. தொடாம பாத்துச் சொல்லு. மூக்கு, வாய், ஆசனவாய் எங்கயாவது ரத்தம் வந்திருக்கா?

*பிரபு, 6:16*
மூக்குல வெள்ளையா கொஞ்சம் நுரை. ரத்தம் இல்லக்கா.

*மீனா அக்கா, 6:21*
சரி. கருப்பா, உறையாத ரத்தம் வடிஞ்சிருந்தா ஆந்த்ராக்ஸ் சந்தேகம் வந்திருக்கும், நாம அடைப்பான்னு சொல்றது. அப்போ அறுக்கவே கூடாது. உடம்பைத் திறந்து காத்து பட்டா கிருமி ஸ்போரா, அதாவது கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி, மாறி அந்த மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும். காது நரம்புல ஒரு சொட்டு ரத்தம் ஸ்லைடுல எடுத்து, ஹெப்பால்ல இருக்கற கால்நடை நலம் மற்றும் உயிரி மருந்து நிலையத்துக்கு அனுப்பறதோட சரி. ரத்தம் இல்லாட்டியும் வர்ற கால்நடை டாக்டர்கிட்ட ஸ்மியர், அதாவது ஸ்லைடுல தேய்ச்ச ரத்தத்தை, பாத்துட்டு கத்தி வைக்கச் சொல்லு.

மூக்குல கெட்டிச் சளி, காலுல வரிசையா புண்கட்டி இருந்துச்சா? அது கிளாண்டர்ஸ். மனுஷனுக்கும் ஒட்டும், 2009 விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும். ரத்த மாதிரி ஹிசார்ல இருக்கற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரைக்கும் போகும்.

*பிரபு, 6:23*
அதெல்லாம் எதுவும் இல்லக்கா.

*செல்வம் மாமா, 6:30*
அப்போ இன்சூரன்ஸ் வேலைய ஆரம்பி. டோல் ஃப்ரீல கூப்பிட்டு தகவல் சொல்லி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கு. அதே விஷயத்தை பாலிசி எழுதின கிளைக்கு மெயில்ல போடு. ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பினா மட்டும் அது தகவல் சொன்னதா கணக்காகாது. பல கிளைம் இங்கதான் மாட்டும்.

மெயில்ல பாலிசி நம்பர், மைக்ரோசிப் நம்பர், கடைசியா உயிரோட பாத்த நேரம், செத்துக் கெடந்ததைப் பாத்த நேரம், உடம்பு இருக்கற இடம். கம்பெனி சார்பா நேர்ல வந்து பாக்கறவர்தான் சர்வேயர். கடைசி வரியா இப்படி எழுது: "சர்வேயர் எப்போது வருவார்? வர முடியாவிட்டால், பிரேதப் பரிசோதனைக்குப் பின் இன்று மாலை அடக்கம் செய்ய எழுத்தில் அனுமதி வேண்டும்." வாயால சரின்னா போதாது, பதில் மெயில்ல வரணும். எத்தனை மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும், சர்வேயருக்காக எவ்வளவு நேரம் உடம்பை வெச்சிருக்கணும்னு பாலிசிலயே போட்டிருக்கும், எடுத்துப் படி.

*குமார் அண்ணன், 6:34*
பக்கத்துல வாட்டர் மோட்டார் ஒயர், ஃபென்ஸ் கரண்ட் ஏதாவது இருந்தா மெயினை ஆஃப் பண்ணிட்டு கிட்ட போ. லாடம் இரும்பு, ஈரத் தரை, கரண்ட் அடிச்சும் செத்திருக்கலாம். முதல்ல அதைப் பாரு.

*பிரபு, 6:40*
ஆஃப் பண்ணிட்டேன்ணா. டாக்டர் 9:30க்கு வர்றார். அவ்வளவு நேரம் உடம்பு தாங்குமா?

*மீனா அக்கா, 6:46*
தாங்கும், ஆனா மத்தியானம் வரைக்கும் இழுக்காதே. குதிரை வயித்துல சீக்கமும் (பெருங்குடல் ஆரம்பத்துல இருக்கற பை) பெருங்குடலும் பெருசு. செத்த பிறகும் உள்ள நொதிச்சு சூடு ஏறிட்டே இருக்கும். சில மணி நேரத்துல குடல் உள்தோல் உரிஞ்சிடும், வயிறு உப்பி தானா வெடிக்கவும் வெடிக்கும். கிழிஞ்ச ஓரத்துல ரத்தம் ஊறியிருந்தா உயிரோட இருக்கும்போதே வெடிச்சது. ஓரம் வெளுத்து சுத்தமா இருந்தா செத்த பிறகு ஆனது. லேட்டானா இந்த வித்தியாசமே தெரியாம போகும், அப்புறம் "காரணம் கண்டறிய இயலவில்லை"ன்னுதான் ரிப்போர்ட் வரும். நிழலா தார்ப்பாயை உயரக் கட்டு. உடம்பு மேல போத்தி மூடாதே, சூடு அடைஞ்சுக்கும்.

*செல்வம் மாமா, 6:58*
அதுக்குள்ள போட்டோ. இடது, வலது, முன்னாடி, பின்னாடி. நெத்தி நட்சத்திரம், வெள்ளைக் கால், எல்லாச் சுழியும் தனித்தனியா. பாலிசி எடுக்கறப்போ குடுத்த பிரபோசல் படிவத்துல குறிச்ச சுழியும் போட்டோல இருக்கற சுழியும் ஒத்துப் போகணும். சிப் இடது கழுத்து நடுவுல, பிடரிக்குக் கீழ இருக்கும். ரீடர் வெச்சு 15 இலக்க நம்பர் திரைல தெரியறப்போ, அதே ஃப்ரேம்ல முகமும் வர்ற மாதிரி ஒரு வீடியோ எடு. சிப் படலைன்னா கழுத்து முழுக்க ரெண்டு பக்கமும் தேய்ச்சுப் பாக்கணும், சில சமயம் இடம் நகர்ந்திருக்கும்.

*குமார் அண்ணன், 7:02*
பிடரி மயிர் 30, 40 வேரோட பிடுங்கி காகித கவர்ல போடு. பிளாஸ்டிக்ல போட்டா வேர்த்துப் பூசணம் புடிக்கும். அடையாளத்துல தகராறு வந்தா டிஎன்ஏவுக்கு இதுதான். ராணி ரேஸ்ல இருந்து வந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) ஆச்சே, அவளோட அடையாளப் பாஸ்போர்ட் உன்கிட்டதானே இருக்கு? அந்த இனத்தைப் பதிவு பண்ற, புனேல இருக்கற ஸ்டட் புக் அதாரிட்டிக்கும் இறப்பைத் தெரிவிக்கணும்.

*மீனா அக்கா, 7:15*
பிரபு, இன்னும் முக்கியம் மத்த குதிரைங்க. நேத்து போட்ட தீவனத்தை இன்னைக்கு யாருக்கும் குடுக்காதே. அதே மூட்டைல இருந்து ஒரு கிலோ, தொட்டித் தண்ணி ஒரு லிட்டர் எடுத்து தேதி போட்டு பூட்டி வை. கோழித்தீவனம் கலக்கற மெஷின்ல அரைச்ச தீவனமான்னு கடைல கேளு. கோழிக்குப் போடற மோனென்சின், சாலினோமைசின் குதிரைக்கு விஷம். மோனென்சின் உடம்பு எடை கிலோவுக்கு 2, 3 மில்லிகிராமே கொன்னுடும், இதயத் தசையத்தான் அடிக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம், அதனால இதயத் துண்டு ஹிஸ்டோவுக்கு, அதாவது மைக்ராஸ்கோப்புல தசையைப் பாக்கற சோதனைக்கு, கட்டாயம்.

வேலியோரம் அரளி இருக்கா? வெட்டிப் போட்ட காய்ஞ்ச இலைதான் ஆபத்து, கசப்பு கொறைஞ்சு குதிரை தின்னுடும்.

*பிரபு, 7:19*
ரோட்டுப் பக்கம் அரளி இருக்குக்கா. போன வாரம் வெட்டினாங்க.

*மீனா அக்கா, 7:24*
அப்போ வயித்துல இருக்கறதை அலசி இலைத் துண்டு தேடச் சொல்லு. சாம்பிள் ரெண்டு வகை, கலந்துடாதே. ஹிஸ்டோவுக்கு ஒரு சென்டிமீட்டர் மொத்தத்துக்கு மேல போகாத துண்டு, 10 சதவீத ஃபார்மலின், துண்டை விட பத்து மடங்கு திரவம். விஷச் சோதனைக்கு இரைப்பைச் சரக்கு, கல்லீரல், சிறுநீரகம் தனித்தனி டப்பால, ஐஸ்ல. அதுல ஃபார்மலின் ஒரு சொட்டு பட்டாலும் கெட்டுச்சு. குடலைக் கடைசியா திறக்கணும், இல்லைன்னா மத்த சாம்பிள்ல அழுக்கு சேரும்.

*குமார் அண்ணன், 7:31*
யாராவது வேணும்னே விஷம் வெச்சிருப்பாங்கன்னு சந்தேகம் இருந்தா போலீஸ்ல எழுதிக் குடு. பாரதிய நியாய சன்ஹிதா 325, விலங்கைக் கொன்னா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். சந்தேகம் இல்லாம சும்மா எழுதாதே, கிளைம் அதுலயே தொங்கும்.

*பிரபு, 7:40*
ஒண்ணு சொல்லணும். ராத்திரி 11 மணிக்கு வயித்து வலி மாதிரி லேசா வயித்தைத் திரும்பிப் பாத்தான்னு சயீஸ் ஒரு ஊசி போட்டிருக்கார். இப்பதான் சொல்றார். எழுதணுமா?

*செல்வம் மாமா, 7:44*
எழுதணும். என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த நேரம், காலி பாட்டில் போட்டோ. தகுதியில்லாதவர் வைத்தியம்னு கம்பெனி கேள்வி கேக்கும், உண்மைதான். ஆனா மறைச்சு அது லேப்ல வந்துச்சுன்னா முழு கிளைமும் போகும். டாக்டர் போன்ல சொல்லிப் போட்டதா இருந்தா அந்தக் கால் லாக் எடுத்து வை. சயீஸைத் திட்டாதே, அவர்தான் இப்போ நமக்குச் சாட்சி.

*மீனா அக்கா, 7:47*
ஊசியக் கழுத்துல நரம்புல போட்டாரா, தசையிலயான்னும் கேளு. நரம்புக்குப் பதிலா கரோட்டிட் தமனில ஏறினா குதிரை அந்த நிமிஷமே விழும். 11 மணிக்குப் போட்டு அப்புறமும் நின்னுட்டு இருந்தான்னா அது காரணம் இல்ல. டாக்டர்கிட்ட ஊசி போட்ட இடத்தைக் காட்டிடு.

*குமார் அண்ணன், 8:05*
குழி: நீளம் 10 அடி, அகலம் 7, ஆழம் 9. ராணி 450 கிலோவாவது இருப்பா, மேல 4 அடிக்குக் கொறையாம மண் விழணும். போர்வெல், ஓடைப் பக்கம் தோண்டாதே. பஞ்சாயத்துல எழுதிக் குடுத்துடு. மேல மேடா விடு, ஒரு மாசத்துல உள்ள இறங்கும். வேற ஆள் வண்டில எடுத்துட்டுப் போறேன்னா எங்க போடறாங்கன்னு கேளு. ராமநகரா ராமதேவரபெட்டால கழுகுங்க இருக்கு. வலி மருந்து ஏறின உடம்பு வெட்டவெளில கெடந்தா அதுங்களுக்கு எமன். டைக்ளோஃபினாக்கை 2006லயே மாட்டு வைத்தியத்துல தடை பண்ணது இதுக்குத்தான்.

*சாந்தி அத்தை, 8:20*
பிரபு கண்ணா, காகிதம் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போடு. பாலிசி, வாங்கின ரசீது, தடுப்பூசிப் புத்தகம், வைத்திய பில், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்று, போட்டோ. பாலிசில கடன் குடுத்த பேங்க் பேர் இருக்கா பாரு, இருந்தா பணம் முதல்ல அவங்களுக்குத்தான் போகும். காப்பீட்டுத் தொகை, செத்த அன்னிக்கு இருந்த சந்தை மதிப்பு, ரெண்டுல எது கம்மியோ அதைத்தான் தருவாங்க. அதனால அதே வயசு ரைடிங் குதிரை என்ன விலைக்குப் போகுதுன்னு ரெண்டு ரசீது தேடி வை. ரைடிங் ஸ்கூல் கணக்குல ராணி சொத்தா இருந்தா, வாங்கின விலைல திரும்பி வராத பாகத்தை வருமானத்துல கழிக்க வழி உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்துல 36ஆம் பிரிவு, இப்போ புது எண் என்னன்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோ.

*பிரபு, 8:26*
கம்பெனி மறுத்தா, மாமா?

*செல்வம் மாமா, 8:33*
காரணத்தை எழுத்துல வாங்கு, எந்த ஷரத்துன்னு எண்ணோட. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாசத்துல பதில் இல்ல, இல்ல பதில் சரியில்லைன்னா பெங்களூரு ஜேபி நகர்ல இருக்கற இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகாரை விசாரிக்கற அதிகாரி. கட்டணம் கெடையாது, வக்கீலும் வேண்டாம். மறுத்த தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

இப்போ கிளைம் ஃபார்ம். இறப்புக் காரணம்ன்ற இடத்துல "மாரடைப்பு"ன்னு நீயா எழுதாதே. "போஸ்ட்மார்ட்டம் அறிக்கைப்படி"ன்னு மட்டும் போடு. குடுக்கறப்போ ஜெராக்ஸ்ல சீலும் தேதியும் வாங்கிடு.

*பிரபு, 9:41*
டாக்டர் வந்துட்டார். ஸ்மியர் எடுத்துட்டு இருக்கார். அனுமதி மெயிலும் வந்துடுச்சு, சர்வேயர் 11 மணிக்கு வர்றாராம்.

*மீனா அக்கா, 9:43*
சர்வேயர் வர்ற வரைக்கும் தோலை உரிக்கச் சொல்லாதே, அடையாளம் அதுலதான் இருக்கு. ஸ்மியர் சுத்தம்னு வந்தப்புறம் டாக்டர் வயித்தைத் திறந்தா குடல் எப்படிக் கெடக்குதுன்னு எடத்தைக் கலைக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.