அப்பாவைத் தீர்த்தன் ஆற்றுக்கு ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டிப் போகலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்க

தடப்பள்ளிக்காரன் (கோபி):

வணக்கமுங்க. எங்கப்பாவுக்கு 63 வயது. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவர், மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியதுபோக மிச்ச நேரமெல்லாம் தூண்டில்தான். கொடிவேரிக்குக் கீழே எந்தப் பாறை இடுக்கில் கெளுத்தி நிற்கும் என்று இப்பவும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மண்டி வேலையை விட்ட பிறகு போனில் ட்ரவுட் என்கிற குளிர்ந்த மலையாற்று மீனைப் பிடிக்கிற வீடியோவாகப் பார்க்கிறார், ஒரே வீடியோவை நாலு தடவை. வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அதனால் நானே கூட்டிப் போவதென்று முடிவு செய்துவிட்டேன்.

இமாசலத்தில் தீர்த்தன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். நாலு நாள், தங்கல், சாப்பாடு, கூடவே வந்து சொல்லித் தரும் கைடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். சாலையிலிருந்து அரை மணி நேரம் நடக்கணுமாம், போன் சிக்னல் கிடையாதாம். மே கடைசியில் போகலாம் என்று நினைப்பு. அம்பது வருஷம் தூண்டில் போட்டவருக்குக் கைடு தேவையா? இடது முழங்கால் வேறு தொந்தரவு, ஆற்றில் இறங்க முடியுமா?

உடுமலை அண்ணன்:

தம்பி, முதலில் மாதத்தை மாற்றுங்க. மே கடைசியில் மேலே பனி உருகி ஆறு வேகமெடுத்துக் கலங்கலாக ஓடும். ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கமே வேண்டாம், 2023 ஜூலை வெள்ளத்தில் குல்லு மாவட்டம் பட்ட பாடு நினைவிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய ட்ரவுட் பிடிக்கத் தடை, அது முட்டையிடும் காலம். மிச்சம் மார்ச், ஏப்ரல், இல்லையென்றால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். நான் ஆயுத பூஜை விடுமுறையோடு சேர்த்துப் போனேன், தண்ணீர் அப்படியொரு தெளிவு, அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம்.

கைடு கட்டாயம் வேணும். அப்பாவின் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, மீன் எங்கே நிற்கும் என்று பார்க்கிற கண் அங்கேயும் உதவும். ஆனால் வீசுவது வேற வித்தை. நம்ம தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் தங்கூஸை இழுத்துக்கொண்டு போகும். அங்கே முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் சுற்றிய செயற்கை ஈ, அதற்குக் கனமே இல்லை. கனமெல்லாம் கயிற்றில். அதைப் பின்னால் வீசி, முழுசா நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, அப்புறம் முன்னால் விடணும். நான் முதல் நாள் மாட்டுச் சாட்டை மாதிரி சொடுக்கியதில் நாலு ஈ அறுந்து போனது.

எங்கள் கைடு ஆற்றில் இறங்கியதும் தூண்டிலைத் தொடவே இல்லை. குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் நெல்மணி அளவுக்குப் பழுப்பாக ஒரு புழு ஒட்டிக்கொண்டு நெளிந்தது. டப்பாவைத் திறந்து அதே அளவில், அதே நிறத்தில் ஒரு ஈயை எடுத்து, முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்கினார். மீன் நீரோட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கும், நாம் கீழேயிருந்து அதன் முதுகுப்பக்கமாகப் போகணும் என்று கையாலேயே காட்டினார். மூன்றாம் நாள்தான் எனக்கு ஒன்று மாட்டியது. ஒரு முழம்கூட இல்லை. விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிர் வளையம். அதற்கே கை நடுங்கியது.

மேட்டுப்பாளையத்தான்:

ட்ரவுட்டுக்கு எதற்கு இமாசலம்? அவலாஞ்சியில் 1907-லேயே வில்சன் என்ற வெள்ளைக்காரர் குஞ்சு பொரிப்பகம் அமைத்து நீலகிரி ஓடைகளில் வானவில் ட்ரவுட்டை வளர்த்தாரே. நமக்கு நாலு மணி நேரப் பயணம்.

உடுமலை அண்ணன்:

அவலாஞ்சி உண்மைதான், ஆனால் அதையொட்டிய முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போட முடியாது. மற்ற ஓடைகளுக்கும் அனுமதி கையில் இல்லாமல் பெரியவரைக் கூட்டிப் போய் நிற்காதீங்க.

இன்னொன்றும் சொல்லணும். ட்ரவுட் இங்கேயும் இமாசலத்திலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். நம்ம ஆறுகளுக்கே உரியது மஹ்சீர் என்கிற பெரிய கெண்டை வகை. நம்ம அமராவதியில் கலக்கிற பாம்பாற்றில் கிடைத்த மீனை வைத்துத்தான் ஒரு மஹ்சீர் இனத்துக்கு டோர் ரெமாதேவி என்று பெயர் வைத்தார்கள். காவிரியின் பெரிய திமில் மஹ்சீரும் அதே இனம்தான் என்று 2018-ல் உறுதியானது. அது இன்றைக்கு மிக அருகிவிட்ட இனம். மோயாற்றில் இன்னும் இருக்கிறது. அப்பாவிடம் இதையும் சொல்லுங்க, எங்காவது மாட்டினால் உடனே விட்டுவிடச் சொல்லுங்க.

பெருந்துறை அக்கா:

நானும் வீட்டுக்காரரும் போன வருஷம் போனோம், முழங்காலுக்கு மட்டும் சொல்கிறேன். ஆற்றுக் கல்லில் பாசி, எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். பிடிமானமுள்ள ஷூவும் ஊன்ற ஒரு தடியும் இருந்தால் முழங்கால் ஆழத் தண்ணீர் போதும், கரையிலிருந்தே வீச இடம் உண்டா என்று விடுதிக்காரரிடம் கேட்டுக்கோங்க. டெல்லியிலிருந்து இரவு பஸ்ஸில் போனால் மணாலி ரோட்டில் ஆட் என்ற ஊரில் இருக்கிற சுரங்கத்துக்கு முன்னாடியே இறங்கி, பஞ்சார் ஊருக்குப் போகிற ரோட்டைப் பிடிக்கணும், தூங்கிவிட்டால் மணாலிதான்.

முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்க. மீன்வளத் துறை அனுமதிச்சீட்டு யார் எடுப்பது, கைடு முழு நாளா அரை நாளா, தூண்டிலும் ஷூவும் அவர்களுடையதா. எங்களுக்கு முழு நாள் என்று சொல்லி, அங்கே போனதும் காலையில் இரண்டு மணி நேரம்தான் என்றார்கள். சண்டை போட்டும் பணம் திரும்பவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அப்புறம், மீனைத் தொடும் முன் கையை ஆற்றில் நனைக்கணும். காய்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு போய் நோய் பிடிக்கும். போட்டோவுக்கு மூச்சு முட்ட விடாதீங்க, தண்ணீருக்குள் வைத்தே முள்ளை எடுக்கலாம்.

தடப்பள்ளிக்காரன்:

ரொம்ப நன்றிங்க. அக்டோபர் என்று முடிவாகிவிட்டது, விடுதிக்கு அந்த மூன்று கேள்வியையும் அனுப்பிவிட்டேன். உடுமலை அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்லைப் புரட்டுகிற இடத்தில் "இரு, மறுபடி படி" என்றார். பாம்பாறு பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சின்ன வயதில் பவானியில் அவங்க அப்பாரு தோளில் போட்டுத் தூக்கி வந்த ஒரு மீன் அதுவாக இருக்குமோ என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வீசிப் பழக ஒரு பழைய தூண்டிலும் கயிறும் கோவையிலிருந்து வாங்கிவிட்டேன். முள் இல்லாமல், நுனியில் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டி, நெல் காயப்போடுகிற களத்தில் தினமும் சாயங்காலம் நிற்கிறார். பின்னால் எவ்வளவு நேரம் பொறுக்கணும் அண்ணா, எண்ணிக் கணக்கு வைக்கலாமா?

உடுமலை அண்ணன்:

எண்ண வேண்டாம் தம்பி. தலையைத் திருப்பிக் கயிறு நேராவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விடச் சொல்லுங்க, பத்து நாளில் கைக்கே தெரிந்துவிடும்.