ஆதியாகமம் 1: சூரியனுக்கு முந்திய மூன்று நாள்களை எப்படிப் புரிந்துகொள்வது?

காட்பாடி வாசகர்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு, தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்ததைச் சொல்லும் வேதாகமத்தின் முதல் அதிகாரத்தை நடத்தி வருகிறேன். வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையானவை என்று படித்த மாணவி ஒருத்தி, மூன்றாம் நாளில் தோன்றிய நிலத்தோடு அதை எப்படிப் பொருத்துவது என்று கேட்டாள். எனக்கோ அதற்கு முந்திய கேள்வியே தீரவில்லை. சூரியன் நான்காம் நாளில் உண்டாகிறதென்றால், முதல் மூன்று நாள்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எவ்வாறு அமைந்தன?

ஆரணி சகோதரர்:
சகோதரரே, முதல் நாளிலேயே வெளிச்சம் உண்டாகி இருளினின்று பிரிக்கப்பட்டது. தேவன் கட்டளையிட்டபின் பகலும் இரவும் மாறிவர அதுவே போதும். யாத்திராகமம் 20:11, கர்த்தர் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்ததையே நமது ஆறு நாள் உழைப்புக்கும் ஓய்வுநாளுக்கும் காரணமாகக் காட்டுவதால், அந்த நாள்களை யுகங்களாக நீட்டினால் கட்டளையின் ஆதாரமே தளர்ந்துவிடும். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியும், பிற்காலத்தில் சபைச் சீர்திருத்தத் தலைவர் லூத்தரும் இவற்றைச் சாதாரண நாள்களாகவே கொண்டார்கள்.

குடியாத்தம் ஆசிரியர்:
யாத்திராகம வசனத்தின் வலிமையை மறுக்கவில்லை, ஐயா. ஆனால் ஒவ்வொரு நாளையும் ஒரு யுகமாக்குவதும் சிக்கலைத் தீர்ப்பதில்லை என்பதே என் கருத்து. மரஞ்செடிகள் மூன்றாம் நாளிலும் சூரியன் நான்காம் நாளிலும் வருவதால், அந்த வரிசை பாறைகள் சொல்லும் வரலாற்றோடு இணையாது. கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலிருக்கிறது என்னும் 2 பேதுரு 3:8-ஐக் கணக்கு வாய்பாடாக எடுத்துக்கொள்வதும் சரியன்று. அந்த வசனம் தேவனின் நீடிய பொறுமையைப் பற்றியது.

நாள்களின் அமைப்பை மாணவர்களுக்குக் காட்டுங்கள். முதல் நாளின் வெளிச்சத்துக்கு நான்காம் நாளின் சுடர்கள், இரண்டாம் நாளில் பிரிந்த ஆகாயத்துக்கும் நீருக்கும் ஐந்தாம் நாளின் பறவைகளும் மீன்களும், மூன்றாம் நாளின் நிலத்துக்கு ஆறாம் நாளின் விலங்குகளும் மனிதரும் என்று, முதலில் இடங்கள் ஆயத்தமாகி, பின்பு அவற்றில் குடியிருப்போர் வருகிறார்கள். ஏழாம் நாளுக்கு மட்டும் சாயங்காலமும் விடியற்காலமும் சொல்லப்படவில்லை. எபிரெயர் 4-ஆம் அதிகாரம் அந்த இளைப்பாறுதலில் நாம் இன்னும் பிரவேசிக்கலாம் என்கிறது. ஆகவே இது கால அளவைச் சொல்வதைவிட, படைப்பின் ஒழுங்கையும் அதன் இலக்கையும் சொல்லவே ஏழு நாள் வாரத்தின் வடிவை எடுத்திருக்கிறது என்று நம்புகிறேன். இந்த நாள்கள் எத்தகையவை என்று எண்ணிப்பார்ப்பதே மிகக் கடினம் என்று பாறைகளை ஆராயும் புவியியல் பிறக்கும் முன்பே, ஐந்தாம் நூற்றாண்டுச் சபைப் பிதாவான அகஸ்தீன் எழுதினார்.

ஆரணி சகோதரர்:
அகஸ்தீனை முழுமையாகச் சொல்லிவிடுவது நல்லது. அவர் எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டதாகக் கருதியவர். மனிதகுலம் தோன்றி 6,000 ஆண்டுகள்கூட நிறையவில்லை என்றும் எண்ணினார். அவரை நீண்ட யுகங்களுக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

குடியாத்தம் ஆசிரியர்:
முற்றிலும் உண்மை. வசனத்தைக் கூர்ந்து வாசித்தே அவர் சாதாரண நாள்களைக் கேள்விக்குள்ளாக்கினார் என்பதற்காக மட்டுமே குறிப்பிட்டேன்.

காட்பாடி வாசகர்:
இருவருக்கும் நன்றி. வரும் ஞாயிறு யாத்திராகமம் 20-ஐயும் எபிரெயர் 4-ஐயும் பிள்ளைகளையே சேர்த்து வாசிக்கச் சொல்கிறேன். பாறைகளின் வயதை ஆதியாகமம் சொல்ல வந்ததா என்பதை அதற்குப் பிறகு கேட்பேன்.