யார்க்‌ஷயர் தாத்தா பாட்டிகள் பேசும் இங்கிலீஷ் புரியவில்லை, உதவுங்கள்

லீட்ஸ்_நர்ஸ்: வணக்கம். லீட்ஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, முதியோர் வார்டில் வேலை. இங்கிலீஷ் பரீட்சையில் நல்ல மதிப்பெண் எடுத்துத்தான் வந்தேன், ஆனால் இங்கே பெரியவர்கள் பேசினால் பாதி பிடிபடுவதில்லை. சாப்பிட்டீர்களா என்றால் "நவுட், லவ்" என்கிறார் ஒருவர். மகளுக்கு "நைன் வைல் ஃபைவ்" வேலையாம். பேரப்பிள்ளைகள் "லேக்கிங்" என்றதும் எந்த ஏரிக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டேன், அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். வலியைப் பற்றிச் சொல்லும்போதும் இப்படித் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

பென்னைன்_காற்று: நவுட் என்றால் ஒன்றுமில்லை, அவுட் என்றால் ஏதாவது. "அவுட்" என்று காதில் விழுந்தால் வெளியே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வைல் என்பது இங்கே "வரை", அதாவது ஒன்பதிலிருந்து ஐந்து வரை. இதைவிட முக்கியமானது ஒன்று: பலருக்கு டின்னர் என்பது மதியச் சாப்பாடு, டீ என்பது சாயங்காலச் சாப்பாடு. டின்னருக்கு அப்புறம் மாத்திரை போட்டேன் என்று ஒரு பாட்டி சொன்னால் ராத்திரி என்று குறித்துவிடாதீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுங்கள்.

சொல்தேடி: லேக்கிங் என்றால் விளையாடுவது, ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 866-ல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் யார்க் நகரைப் பிடித்து அங்கேயே குடியேறினார்கள் இல்லையா, அவர்களுடைய 'லெய்க்கா'தான் இது. லெகோ பொம்மையின் பெயரில் இருக்கிற டேனிஷ் 'லெக்'கும் அதே வேர்தான். விட்பி, செல்பி என்ற ஊர்ப்பெயர்களில் வரும் 'பி'யும், ஓடையைக் குறிக்கும் 'பெக்'கும் அவர்கள் விட்டுப்போனவை. தயவுசெய்து இதைக் கொச்சை என்று யாரும் சொல்லாதீர்கள். சின்ன வயதில் யார்க்‌ஷயர் மில்லில் வேலை பார்த்த ஜோசப் ரைட், பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியராகி, இப்படிப்பட்ட வட்டாரச் சொற்களையே ஆறு தொகுதி அகராதியாகப் போட்டார் (1898–1905).

டைன்_கரை: வட இங்கிலாந்து முழுக்க ஒரே பேச்சு இல்லை. நியூகாஸில் பக்கம் குழந்தை 'பேர்ன்', விரலில் ஏறிய சிராய் 'ஸ்பெல்க்'. இங்கே வேலைக்கு வந்தால் அந்தச் சொல் நிச்சயம் தேவைப்படும். மான்செஸ்டரில் 'பார்ம்' என்று கேட்டு வாங்குகிற பன்னை யார்க்‌ஷயரில் பல இடங்களில் 'பிரெட்கேக்' என்பார்கள்.

லீட்ஸ்_நர்ஸ்: ரொம்ப நன்றி. டின்னர் விஷயம் தெரியாமலே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன், இனி மணி கேட்டுத்தான் எழுதுவேன். நாளைக்கு அந்தத் தாத்தாவிடம் பேரப்பிள்ளைகள் லேக்கிங் முடிந்து வந்தார்களா என்று கேட்கப் போகிறேன்.