வேறு மாநிலத்தில் வாங்கிய படகும் டிரெய்லரும்: பதிவு செய்யப் போனபோது நடந்தவை (அமெரிக்காவில் படகு வைத்திருப்பவர்கள் இணைய மன்றத்தில் எழுதியவை)

ஏரிக்கரை (டெக்சஸ்)

17 அடி அலுமினியப் படகு, ஜார்ஜியாவில் வாங்கியது. ஜார்ஜியா படகுகளுக்கு டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், தருவதில்லை என்பது இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். பதிவு அட்டையும் விற்பனை ரசீதும் கையில் இருந்தன. டெக்சஸில் படகுக்கு ஒரு டைட்டில், படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்குத் தனியாக இன்னொன்று. இரண்டு விண்ணப்பங்களையும் நிரப்பி, 6.25 சதவீத விற்பனை வரிக்கும் பணம் எடுத்துக்கொண்டுதான் பதிவு அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண், மோட்டாரின் வரிசை எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்துவரச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். வாகன நிறுத்தத்தில், வெயிலில், மோட்டாரின் பிடிமானத்துக்கு அருகே இருந்த சின்னத் தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். ஒவ்வோர் இலக்கமாக எழும்பி வந்தது. எல்லாம் ரசீதில் இருந்தபடியே. கடைசி இலக்கத்தில் மட்டும் ரசீது 3 என்றது. தாளில் 8 வந்தது. இன்னொரு முறை தேய்த்தேன். 8தான்.

ரசீதில் திருத்தி எழுதினால் ஏற்க முடியாது, விற்றவரே புதிதாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான். அங்கிருந்தே விற்ற பெரியவரை அழைத்தேன். எண்ணைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் என் தம்பியும் ஒரே நாளில், ஒரே மாடலில் ஆளுக்கு ஒன்று வாங்கினோம்" என்றார். அவ்வளவுதான். மறுபேச்சில்லாமல் புது ரசீது தபாலில் வந்தது. டைட்டிலும் வந்துவிட்டது. மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் அது அண்ணனுடையதா, தம்பியுடையதா? தம்பிக்குத் தெரியுமா? படகை நீரில் இறக்கும்போதெல்லாம் அந்த 8 கண்ணில் படுகிறது.

கடற்காகம் (புளோரிடா)

என் விஷயம் டிரெய்லர், அதாவது படகை ஏற்றி இழுத்துச் செல்லும் வண்டி. மிச்சிகனிலிருந்து 22 அடிப் படகு. படகுக்கு டைட்டில் இருந்தது. 20 அடியோ அதற்கு மேலோ என்றால் அங்கே கட்டாயம். டிரெய்லருக்கு இல்லை. மிச்சிகனில் 2,500 பவுண்டுக்குக் குறைந்த டிரெய்லருக்கு டைட்டில் கிடையாது. புளோரிடாவிலோ 2,000 பவுண்டைத் தொட்டாலே டைட்டில் வேண்டும். என்னுடையது இரட்டை அச்சு, ஏறக்குறைய 2,200. அங்கே பத்திரமே பிறக்காத ஒரு பொருளுக்கு இங்கே பத்திரம் கேட்கிறார்கள்.

இதற்கு வழி உண்டு: பழைய பதிவுச் சீட்டும் விற்பனை ரசீதும் போதும். அன்று மாட்டிக்கொண்டது அதில் அல்ல. படகின் பதிவெண் எம்.சி. என்று தொடங்குகிறது. கவுண்டரில் இருந்த இளைஞர், "மிச்சிகன் என்றால் எம்.ஐ. அல்லவா? உங்கள் டைட்டிலில் தட்டச்சுப் பிழை" என்று சொல்லி எம்.ஐ. என்றே கணினியில் ஏற்றப் பார்த்தார். படகுகளில் எம்.ஐ. மிசிசிப்பிக்கு உரியது. மிசிசிப்பிக்கு எம்.எஸ். கிடைக்கவில்லை, ஏனென்றால் அது மாசசூசெட்ஸின் எழுத்து. அஞ்சல் சுருக்கம் வேறு, படகு எழுத்து வேறு. எடுத்துச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், மீன்பிடித் தொப்பி அணிந்தவர், "அவர் சொல்வது சரி" என்றார். உடனே கை நின்றது. மேலாளர் வந்தார், எம்.சி. என்று திருத்தினார், முடிந்தது.

அதே வாக்கியத்தை நான் சொன்னபோது அது காதில் ஏறவில்லை. ஊர் பெயர் தெரியாத ஒருவர் சொன்னதும் ஏறியது. வேலை முடிந்துவிட்டது, ஆனால் இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நங்கூரம் (கலிபோர்னியா)

முதலில் எழுதியவர் மோட்டாருக்குத் தனி டைட்டில் என்பதைப் பொது விதி போலச் சொல்கிறார். அப்படி அல்ல. கலிபோர்னியாவில் படகு, டிரெய்லர் இரண்டுமே வாகனத் துறையின் கையில். அவுட்போர்டு மோட்டாருக்குத் தனி டைட்டில் இல்லை. படிப்பவர்கள் குழம்பக் கூடாது.

என் கதை சிறியது. அரிசோனாவில், ஹவாசு ஏரியில் ஓடிய படகு. அந்த ஏரியில் 2007 முதல் குவாகா சிப்பி இருக்கிறது; படகில் ஒட்டிக்கொண்டு மற்ற ஏரிகளுக்கும் பரவிச் சேதம் செய்யும் சிப்பி அது. மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் ஓர் அம்மையார் கையுறையைக் கழற்றிவிட்டு, படகின் அடிப்பக்கம் முழுவதையும் வெறும் விரல்களால் தடவிக்கொண்டே வந்தார். குஞ்சுச் சிப்பிகள் கண்ணுக்குத் தெரியாதாம், உப்புத்தாள் போல விரலுக்குத்தான் தட்டுப்படுமாம். மோட்டாரின் கீழ்ப்பகுதியில் விரல் நின்றது. மறுபடி அதே இடத்தைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பெயின்ட் உரிந்த இடம்தான். ஆனால் உள்ளே மீன் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்காகப் படகையும் டிரெய்லரையும் சேர்த்துக் கம்பியால் முத்திரையிட்டு, உலரும்வரை நீரில் இறக்கக் கூடாது என்று அனுப்பினார்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன்பே படகின் பின்பலகையில் வலப்புறம் மேலே பாருங்கள். 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் இருக்கும். 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய எல்லாப் படகுக்கும் அது உண்டு. முதல் மூன்று எழுத்து கட்டியவருடைய குறியீடு. 1984க்குப் பிந்தைய படகு என்றால் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விற்பவர் 2009 என்று சொல்லி எண் 06 என்று முடிந்தால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். 1984க்குப் பிறகு வந்தவற்றில் இதே எண் வெளியே தெரியாத இடத்தில் இரண்டாவதாகவும் பதித்திருக்கும். சுற்றிலும் சுரண்டல், புது ரிவெட், பசை தெரிந்தால் வாங்காதீர்கள். படகின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பழைய மாநிலத்தில் கேளுங்கள். பெரிய படகு என்றால் மத்திய அரசின் கடலோரக் காவல் படை வைத்திருக்கும் ஆவணப் பதிவில் இருக்கக்கூடும்; 5 நிகர டன் (எடை அல்ல, கொள்ளளவுக் கணக்கு) முதல் அதற்கு மேற்பட்டவற்றுக்கு அது உண்டு. அப்போது மாநில டைட்டிலைத் தேடிப் பயனில்லை, அந்தப் பதிவின் உரிமை வரலாற்றைத்தான் எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே உங்கள் பெயரில் பதிவான படகைப் பழைய மாநிலத்தின் எண்ணோடு எத்தனை நாள் ஓட்டலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் 60 நாள், புளோரிடாவில் 90, இங்கே 120. இந்தச் சலுகை நீரில் ஓடும் படகுக்குத்தான். டிரெய்லர் சாலையில் ஓடுவது. அதற்கு முதல் நாளே செல்லுபடியாகும் தகடோ தற்காலிக அனுமதியோ வேண்டும். புது எண் வந்ததும் முன்பகுதியின் இரு பக்கமும் 3 அங்குலத்துக்குக் குறையாத தடித்த எழுத்தில், படகின் நிறத்திலிருந்து எடுத்துக்காட்டும் நிறத்தில், இடமிருந்து வலமாகப் படிக்கும்படி ஒட்டுங்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே இடைவெளியோ கோடோ இருக்க வேண்டும். சாய்வெழுத்து, அலங்கார எழுத்து கூடவே கூடாது.

ஏரிக்கரை (டெக்சஸ்)

நங்கூரம் அவர்களே, "டெக்சஸில்" என்று எழுதிவிட்டுத்தான் மோட்டார் டைட்டிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பொது விதி என்று எங்கும் சொல்லவில்லை. படகின் எண்ணைப் பற்றி இவ்வளவு எழுதியவர் மோட்டார் எண்ணைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என் சிக்கலே அதுதான். டைட்டில் கேட்காத மாநிலத்திலும் திருட்டு மோட்டார் திருட்டு மோட்டார்தான்.

துடுப்பு (வட கரோலினா)

எண்ணைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பெயரையும் பாருங்கள்.

ஒஹாயோவில் ஒரு மூதாட்டியிடம் வாங்கினோம். டைட்டில் காலமான கணவர் பெயரில். அதற்குப் பயந்து பலர் விலகிப் போயிருக்கிறார்கள். ஒஹாயோ சட்டப்படி ஒரு படகு, ஒரு டிரெய்லர், ஒரு மோட்டார் என்ற அளவுக்கு வாழ்க்கைத் துணைக்கு உரிமை நேராகப் போய்விடும். சொத்து வழக்கு நடத்தத் தேவையில்லை. இறப்புச் சான்றிதழோடும் உறுதிமொழிப் பத்திரத்தோடும் அந்த வட்டார நீதிமன்ற எழுத்தரின் டைட்டில் அலுவலகத்துக்குப் போனால் பெயர் மாறிவிடும். நாங்களே அவரைக் காரில் அழைத்துப் போனோம். அவர் பெயரில் புது டைட்டில் வந்தது.

அடுத்தது அவர் எங்களுக்கு எழுதிக் கொடுப்பது. அங்கே நோட்டரி முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். நோட்டரி, விற்பவர் இடத்தில் பெயரை எழுதச் சொன்னார். அவர் பேனாவை எடுத்து நிதானமாக, அழகான கூட்டெழுத்தில், கணவர் பெயரை எழுதத் தொடங்கிவிட்டார். பாதிப் பெயர் வந்த பிறகுதான் நோட்டரி கவனித்து அவர் கையைத் தொட்டார். அந்த அம்மா தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அடித்துவிட்டு மேலே எழுதலாமா என்று கேட்டார். அடித்தல் இருந்தால் டைட்டில் செல்லாது, நகல் டைட்டில் வாங்கி மறுபடி எழுத வேண்டும் என்றார் நோட்டரி. வாங்கினோம், எழுதினார். இந்த முறை எழுத்து நடுங்கியது.

இங்கே வந்த பிறகு படகு வனவிலங்கு வள ஆணையத்தில், டிரெய்லர் வாகனத் துறையில். இரண்டு இடம், இரண்டு கட்டணம், சிக்கல் எதுவும் இல்லை. அந்த அம்மாவுக்குப் படகின் படம் ஒன்றை அனுப்பினேன். பதில் வரவில்லை. வற்புறுத்தி எழுதவும் மனம் வரவில்லை.

பழையஓடம் (அலபாமா)

1968இல் கட்டிய பைபர் படகு வாங்கியிருக்கிறேன். நங்கூரம் சொல்லும் 12 இலக்க எண் அதில் கிடையாது, அந்த விதி வருவதற்கு முந்தையது. பார்வையிட வந்த அதிகாரி வலப்புறம் மேலே விரலால் துழாவிப் பார்த்து, உள்ளே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்து, "இது என்னைவிட வயதில் மூத்தது" என்று அதன் விளிம்பைத் தட்டிக் கொடுத்தார். மாநிலமே ஓர் எண் ஒதுக்கித் தரும் என்றார். அதில் கவலை இல்லை.

டிரெய்லர்தான் புரியவில்லை. யாரோ பட்டறையில் பற்றவைத்துச் செய்தது. முன்தண்டில் ஏதோ எண் வெட்டியிருக்கிறது, வாகனங்களுக்கு வழக்கமான 17 இலக்க அடையாள எண் அல்ல, துருவில் பாதி போய்விட்டது. அந்த எண்ணையே ஏற்பார்களா, வீட்டில் செய்த டிரெய்லர் என்று புது எண் கேட்க வேண்டுமா? இங்கே யாராவது அலபாமாவில் செய்திருந்தால் எழுதுங்கள். துருவை இன்னும் நான் தேய்க்கவில்லை.

ஏரிக்கரை (டெக்சஸ்)

தேய்க்காதீர்கள். முதலில் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு மேலே தாளை வைத்துப் பென்சிலால் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இலக்கம்கூடச் சில நேரம் அதில் எழும்பி வரும்.