மருமகள் ஸ்பானிஷ் பேசுவதை நிறுத்த வேண்டுமா?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை அப்பத்தா

என் மகன் டெக்சாஸில் சான் அன்டோனியோவில் இருக்கிறான். மருமகள் அந்த ஊரிலேயே பிறந்தவள், பூர்வீகம் மெக்சிகோ. பேரனுக்கு இரண்டே முக்கால் வயது. பிறந்ததிலிருந்து அம்மா அவனிடம் ஸ்பானிஷ், அப்பா ஆங்கிலம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். மகன் தமிழ் பேசவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு, ஆனால் இப்போது கேட்க வந்தது அது இல்லை.

குழந்தை காலையில் போகிற காப்பகத்தில், பேச்சு தாமதம், இரண்டு மொழி கேட்டுக் குழம்புகிறான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். மகன் பயந்துபோய் ஸ்பானிஷை நிறுத்தச் சொல்கிறான். மத்தியானத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது சம்பந்தியம்மா. அவருக்கு ஆங்கிலம் வராது. “என் அம்மா இனிமேல் அவனிடம் வாயே திறக்கக் கூடாதா?” என்று மருமகள் போனில் அழுதாள். நான் தபால் ஆபீசில் இருந்தவள், அவள் பேசுகிற ஆங்கிலம் எனக்குப் புரியும்.

இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்களுக்குக் காலை ஏழரை. வீடியோவில் எங்கள் நாயைப் பார்த்ததும் பேரன் “பெறோ!” என்று கத்துவான், றகரத்தை நன்றாக உருட்டி. உருட்டாமல் “பெரோ” என்றால் “ஆனால்” என்று அர்த்தமாம். மலையாளத்தில் கரி, கறி என்று பிரித்துச் சொல்கிற இந்த ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். அப்பா பக்கம் திரும்பினால் அதே நாய் “டாக்”. யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த பிள்ளை எங்கே குழம்பினான்? பசித்தால் “மாஸ் பால்” என்பான். “மாஸ்” என்றால் ஸ்பானிஷில் “இன்னும்”. பால் நான் சொல்லிக்கொடுத்தது.

என் மகனே வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம் என்று வளர்ந்தவன்தான். மூன்று வயதில் “வெள்ளம் வேணும்” என்று அவன் தண்ணீர் கேட்டதும் பொள்ளாச்சியிலிருந்து வந்த என் அம்மா, எங்கேடா வெள்ளம் என்று வாசலுக்கே போய்விட்டார். பள்ளிக்கூடம் சேர்வதற்குள் இரண்டும் தனித்தனியாகிவிட்டது. அவனுக்கு இது நினைவில்லை போல. நான் தலையிடலாமா? இடுவதென்றால் என்ன சொல்ல?

பதில்: பேச்சுப் பயிற்சியாளர், பாலக்காடு

அம்மா, இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. தாமதம் இருந்தால் அது ஒரு மொழி வீட்டிலும் இருந்திருக்கும். காப்பகத்தில் அவன் ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணியிருப்பார்கள். ஸ்பானிஷ், ஆங்கிலம், நீங்கள் கொடுத்த தமிழ் எல்லாவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். இரண்டு வயது முடியும்போது மொத்தம் 50 சொல்லாவது இருக்கிறதா, இரண்டு சொல்லைக் கோத்துப் பேசுகிறானா என்று பார்ப்போம். நீங்கள் எழுதிய “மாஸ் பால்” அப்படிக் கோத்ததுதான். வெவ்வேறு மொழிச் சொற்களாக இருந்தாலும் கணக்கில் சேரும்.

இருந்தாலும் காப்பகம் சொன்னதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். முதலில் காது கேட்கும் பரிசோதனை. அப்புறம் ஸ்பானிஷும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பயிற்சியாளர் இரண்டு மொழியிலும் பார்க்கட்டும். சான் அன்டோனியோவில் அப்படி ஒருவரைத் தேடுவது சிரமமாக இருக்காது. பயிற்சி தேவைப்பட்டாலும் பாட்டியின் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளையிடம் பேசுகிறவர்கள் குறைவதுதான் கெடுதல்.

பதில்: ஹூஸ்டனில் இருக்கும் அம்மா

அக்கா, உங்கள் மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஆங்கிலம் தானாக வரும். டிவி, பூங்கா, பள்ளி எல்லாமே அதுதான். வெளியே காற்றில் கிடைக்காதது ஸ்பானிஷ். அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் அதைப் பேசுகிறார்கள், அப்படியும் பேரன் பேத்தி காலத்தில் பல குடும்பங்களில் நின்றுபோகிறது. எங்கள் எதிர்வீட்டில் பாட்டி ஸ்பானிஷில் கேட்பார், பெரிய பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாது.

பள்ளி சேர்க்கும்போது இருமொழி வகுப்பு இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். மயாமியில் கோரல் வே என்ற பள்ளி 1963இலேயே பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம் என்று தொடங்கியது. கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகளும் ஆங்கிலப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள். கலிபோர்னியாவில் 1998இல் வாக்கெடுப்பு வைத்து இருமொழி வகுப்புகளைக் கட்டுப்படுத்தினார்கள், 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மகனின் பயம் ஒரு மாநிலத்துக்கே இருந்த பயம்.

பதில்: சித்தூர் தாலுகா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

1956இல் மாநிலம் பிரித்த நாளிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்படித்தான் வளர்கிறார்கள். மலையாள வினைக்கு ஆள் விகுதி கிடையாது. நானும் “போயி”, அவனும் “போயி”. அதனால் சின்ன வகுப்பில் “அவன் வந்து, அவள் வந்து” என்று எழுதுவார்கள். திட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள். “அப்படியா, அவள் வந்தாளா?” என்று நாம் சரியாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தால் திருத்திக்கொள்வார்கள். ஸ்பானிஷ் வினைக்கும் தமிழ் மாதிரி விகுதி உண்டு, ஆங்கிலத்தில் பெரும்பாலும் இல்லை. பேரன் அங்கே தடுமாறினால் உங்கள் வீட்டார் பதற வேண்டாம். தங்கச்சி, நீங்கள் கட்டாயம் தலையிட வேண்டும். இதை நேரில் பார்த்து வளர்த்தவர் நீங்கள்.

பதில்: கொழிஞ்சாம்பாறை அப்பத்தா

எல்லோருக்கும் நன்றி. மகனிடம் பேசினேன். வெள்ளம் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேரனின் சொற்களை எழுதியிருக்கிறார்கள். ஸ்பானிஷ் 41, ஆங்கிலம் 23, தமிழ் 4. காது பரிசோதனை முடிந்தது, குறை ஒன்றும் இல்லை. இருமொழிப் பயிற்சியாளரிடம் அடுத்த வாரம் போகிறார்கள். அதுவரை மருமகளும் சம்பந்தியம்மாவும் பழையபடி பேசலாம் என்று மகனே சொல்லிவிட்டான்.

நேற்று சம்பந்தியம்மாவும் வீடியோவில் வந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பேரன் அவரைத் தொட்டு “அபுவேலா” என்றான், திரையைத் தொட்டு “அப்பத்தா” என்றான். தமிழ் 5.